சூடிக் கொடுத்த ஜாடிகள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய சாமான் கடையில், பித்தளை அண்டாக்களுக்கும் கால் உடைந்த தையல் இயந்திரத்துக்கும் நடுவே, ஒரு ஜோடி ஜப்பானியப் பூஜாடிகளை நாங்கள் கண்டது ஒரு வியாழக்கிழமை மாலை. முழத்துக்குச் சற்றுக் குறைந்த உயரம். பால்கோவா நிறத்து மேனி (அந்த ஊரில் நின்றுகொண்டு வேறு உவமை தேடுவது வீண் வேலை). அதன்மேல் மயிரிழை போன்ற நுண்விரிசல் வலை. கழுத்தில் தேய்ந்த பொன்வண்ணம், வயிற்றில் செவ்வந்திப் பூக்கள், தலையைச் சுற்றி ஒளிவட்டம் கொண்ட புத்தத் துறவியர். சத்சுமா வகை என்பது பார்த்தவுடன் விளங்கிற்று. கையிலெடுத்துக் கவிழ்த்தோம். அடியில் வட்டத்துக்குள் ஒரு சிலுவைக்குறி, அதன்கீழ் இரண்டு மூன்று ஜப்பானிய எழுத்துகள். அதை ஒட்டி, சிவப்பு எனாமல் பெயிண்டில், நடுங்கிய தூரிகையால் எழுதப்பட்ட தமிழ் எழுத்துகள்.

கடைக்காரர் நாலாயிரம் சொன்னார். கையில் அவ்வளவு இல்லை. இல்லாதபோது மனிதர் செய்வதையே நாங்களும் செய்தோம். குறை தேடினோம். "அடியிலே பெயிண்ட்டை அப்பி வச்சிருக்காங்களே அண்ணாச்சி, அசிங்கமா இருக்கு. இதுக்குப் போய் நாலாயிரமா?" என்றோம். மூவாயிரத்துக்குப் பேசி, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி, ராஜபாளையத்துக்குப் பேருந்து ஏறினோம்.

ஞாயிற்றுக்கிழமை ஜாடிகள் இருந்தன. எழுத்துகள் இல்லை. "தின்னர் போட்டுத் துடைச்சிட்டேன் சார். இப்பப் பாருங்க, புதுசு மாதிரி இருக்கு" என்றார் கடைக்காரர், மிகுந்த பெருமையோடு. நாங்கள் குறையென்று சொன்னதை அவர் நீக்கியிருந்தார், அவ்வளவுதான். நன்றி சொல்லிப் பணத்தைக் கொடுத்தோம்.

திரும்பும் வழியில் எங்கள் நால்வருக்குள் வாக்குவாதம். முதல் எழுத்து 'ரா' என்பதில் ஐயமில்லை. அடுத்தது 'ல' என்றார் இருவர், 'வ' என்றார் மற்ற இருவர். கீழே எண்கள் இருந்தன என்று ஒருவர் மட்டும் சாதித்தார். ஆளுக்கொரு கைபேசி வைத்திருக்கிறோம். வியாழனன்று படமும் எடுத்திருந்தோம். ஆனால் படத்தில் இருப்பதெல்லாம் துறவியரும் பூக்களும் வட்டச் சிலுவையும்தான். ஜப்பானியக் குறியை நெருங்கி எடுத்த ஒரு படத்தின் ஓரத்தில் 'ரா' முழுதாகவும் அடுத்த எழுத்தின் முதல் வளைவு மட்டும் துண்டாகவும் விழுந்திருக்கிறது. எதைப் பார்க்க வேண்டுமென்று எங்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்ததோ அதைப் பார்த்தோம். மற்றது தற்செயலாக ஓரத்தில் தங்கிவிட்டது.

அந்தச் சிவப்பு எழுத்துகளைப் பற்றியதே இக்கட்டுரை. பழைய ஜப்பானிய ஜாடிகளை வாங்கிச் சேர்ப்போர் நம் பக்கத்திலும் இப்போது சிலர் இருக்கிறார்கள். அவர்களும் நாங்களும் ஒரே பிழையைச் செய்துவருகிறோம் என்பது எங்கள் கட்சி.

முதலில் ஒரு கேள்வி. ஜப்பானிய ஜாடிக்குக் கரிசல் மண்ணில் என்ன வேலை?

1868-இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியதும், ஜப்பான் தன் கைவினைப் பொருள்களை உலகச் சந்தைக்கு அனுப்பி அந்நியச் செலாவணி தேடியது. அதற்கு முந்தைய ஆண்டே பாரிஸ் கண்காட்சியில் சத்சுமா நாட்டார் தங்கள் பெயரில் தனியாகவே கடை விரித்திருந்தனர். 1873-இல் வியன்னாக் கண்காட்சியில் அவர்களுடைய பெரும் ஜாடிகளைக் கண்டு ஐரோப்பியர் மயங்கினர். தேவை பெருகப் பெருக, சத்சுமாவில் மட்டுமன்றிக் கியோத்தோவிலும் யோக்கோஹாமாவிலும் 'சத்சுமா' தயாராயிற்று. 1920-களிலும் 30-களிலும் அது ஏற்றுமதிக்கென்றே அவசரமாக வரையப்பட்ட மலிவுச் சரக்காகவும் ஆனது. நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தவற்றுள் பெரும்பாலானவை இந்தப் பிற்காலத்தவையே. இதைச் சொன்னால் மனம் வருந்துவோர் உண்டு. உண்மை அதுதான்.

அன்று ஜப்பானியச் சரக்கு நம்மூருக்கு அந்நியமன்று. சிவகாசியில் 1923-இல் தீப்பெட்டித் தொழில் வேரூன்றுவதற்கு முன் இந்தியா எரித்த தீக்குச்சிகளில் பெரும்பங்கு ஜப்பானிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் வந்தவை. ரவிவர்மா படங்களைப் பார்த்து இந்துத் தெய்வ உருவங்களைச் சுவர் ஓடுகளில் வார்த்து அனுப்பியதும் ஜப்பானியரே. செட்டிநாட்டு வீடுகளில் ஜப்பானிய ஓடுகளை இன்றும் காணலாம். மறுபக்கம், இந்தியப் பஞ்சைக் கப்பல் கப்பலாக வாங்கியதும் அவர்கள்தாம். இந்தியா துணிக்கு இறக்குமதி வரியை ஏற்றியபோது, 1933-இல் ஜப்பானிய ஆலைகள் நம் பஞ்சைப் புறக்கணித்தன. 1934-இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டே அந்தச் சண்டையைத் தீர்த்தன. பஞ்சு போன கடல்வழியே பீங்கான் வந்தது.

ஆனால் சந்தையில் கிடைத்தது என்பது மட்டும் ஒரு பொருள் ஒரு வீட்டுக்குள் வந்த கதையாகிவிடாது. ரங்கூனிலிருந்து வந்ததா, கொழும்பிலிருந்தா, பினாங்கிலிருந்தா? சென்னை மூர் மார்க்கெட்டில் (1985-இல் தீக்கிரையானதே, அதே மூர் மார்க்கெட்) பேரம் பேசி வாங்கியதா? மருமகளோடு சீராக வந்ததா? வாங்கியவர் எப்போதாவது அதில் பூ வைத்தாரா, அல்லது கண்ணாடி பீரோவில் பூட்டி வைத்து நவராத்திரிக்கு மட்டும் கொலுப்படியின் இருபுறமும் காவலர்போல் நிறுத்தினாரா? இந்த விவரங்கள் எந்த ஜப்பானிய முத்திரையிலும் இல்லை. அடியில் எழுதிய இரண்டு தமிழ் எழுத்துகளில்தான் அவற்றின் நுனி இருக்கிறது.

நம் வீடுகளில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டும் வழக்கம் எல்லோரும் அறிந்தது. பித்தளையிலும் எவர்சில்வரிலும் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டலாம். பீங்கானில் உளி வைக்க முடியாது. ஆகவே பெயிண்ட். கல்யாண வீட்டுக்கு இரவல் போன ஜாடி திரும்பி வர வேண்டுமே! அழகுக்காக அல்லாமல் தொலைந்துவிடக் கூடாதென்ற கவலையில் எழுதப்பட்ட எழுத்து அது. அந்தக் கவலையைத்தான் தின்னர் ஊற்றித் துடைக்கிறோம்.

சேகரிப்போர் கைக்கு வரும் வழிகாட்டி நூல்கள் எல்லாம் முத்திரையை எப்படி வாசிப்பது என்றே தொடங்குகின்றன. 1890-இல் அமெரிக்கா கொண்டுவந்த சுங்கவரிச் சட்டம் இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டின் பெயர் வேண்டுமென்றது. ஆகவே 1891 முதல் 'நிப்பான்' என்று ஆங்கில எழுத்தில் பொறித்தார்கள். 1921-இல் அந்தச் சொல் செல்லாது, 'ஜப்பான்' என்றே இருக்க வேண்டும் என்றாயிற்று. போருக்குப் பின் 1947 முதல் 1952 வரை 'ஆக்குபைட் ஜப்பான்' என்ற முத்திரை. இதை மனப்பாடம் செய்துகொண்டு கடைகளில் கவிழ்த்துப் பார்க்கும் ஆசாமிகளை (எங்களையும் சேர்த்துத்தான்) அடிக்கடி காணலாம். ஆனால் இவை அமெரிக்கச் சந்தைக்கான விதிகள். ரங்கூனுக்கும் சென்னைக்கும் போகும் பெட்டியிலிருந்த ஜாடிக்கு அவை கட்டாயமில்லை. முத்திரை இல்லாதது 1891-க்கு முந்தையது என்று நம்பி விலை கொடுத்தவர்கள் பலர். வட்டச் சிலுவையோ சத்சுமாவை ஆண்ட ஷிமாசு குடும்பத்தின் சின்னம். அவர்களுடைய சூளையைக் கண்ணாலும் கண்டிராத ஊர்களில் செய்த சரக்கிலும் அது தாராளமாக இடம்பெற்றது. ஜப்பானியக் குறி பொய் சொல்லலாம். திருப்பிக் கிடைக்க வேண்டுமென்று எழுதிய தமிழ்ப் பெயருக்குப் பொய் சொல்ல எந்த முகாந்திரமும் இல்லை.

சத்சுமாவின் தொடக்கமே பெயரைப் பற்றியதொரு கதைதான். 1598-இல் கொரியப் படையெடுப்பு முடிந்து திரும்பிய ஷிமாசு யோஷிஹிரோ, அங்கிருந்து குயவர்களைச் சிறைப்பிடித்துத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்தான். அவர்கள் குடியேறிய நாஎஷிரோகாவா என்ற ஊரிலிருந்தே வெள்ளைச் சத்சுமாவின் புகழ் பிறந்தது. பிற்கால ஆட்சியாளர் அக்குயவர்கள் ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது, கொரிய உடையையும் மொழியையும் விடக் கூடாது என்று விதித்திருந்தனர். அன்பினால் அல்ல, பிரித்து வைக்கத்தான். ஆனாலும் பெயர் தங்கிற்று. அந்த மரபில் வந்த சின் ஜுகான் குடும்பம் பதினைந்து தலைமுறையாக இன்றும் சூளை மூட்டுகிறது. 1873 வியன்னாக் கண்காட்சியில் வியப்பூட்டிய ஜாடிகள் அக்குடும்பத்தின் பன்னிரண்டாம் தலைமுறைக் கலைஞருடையவை. அப்படிப்பட்ட பொருளை வாங்கிவந்து அதில் ஒட்டியிருக்கும் பெயரை முதல் வேலையாக அழிக்கிறோம்!

ஜப்பானியர் தம் பொருளை எப்படிக் காக்கிறார்கள் என்று பார்த்தால் எங்கள் வாதம் இன்னும் விளங்கும். தேநீர்ச் சடங்குக்குரிய கிண்ணமோ ஜாடியோ தனியாக இருப்பதில்லை. அதற்கென்று செய்த மரப்பெட்டி உண்டு. பெட்டி மூடியில் பொருளின் பெயரைச் செய்தவரே மையால் எழுதிக் கையொப்பமிடுவார். பின்னர் அது பெரியோர் கைக்குப் போனால் அவர்களும் எழுதுவார்கள். சில பொருள்களுக்குப் பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் துண்டுக் காகிதங்கள், யாரிடமிருந்து யாருக்கு வந்ததென்ற குறிப்புகள். பெட்டியைத் தொலைத்த கிண்ணத்தின் மதிப்பு அங்கே பாதியாகிவிடும்.

ஒட்டுப்போட்டதையும் அவர்கள் மறைப்பதில்லை. உடைந்த கிண்ணத்தைப் பொன்பொடி தூவிய அரக்கால் ஒட்டும் கலை இப்போது நம்மூர் வாழ்த்து அட்டைகள் வரை வந்துவிட்டது. எங்களுக்கு அதைவிடப் பிடித்தது வேறொரு கதை. பதினைந்தாம் நூற்றாண்டில் ஆண்ட அஷிகாகா யோஷிமாசாவிடம் ஒரு பச்சை மெருகுச் சீனக் கிண்ணம் இருந்ததாம். விரிசல் கண்டதும் அதைச் சீனாவுக்கு அனுப்பி, இதுபோல் ஒன்று வேண்டும் என்று கேட்டானாம். அதற்கு நிகரானது இனி இல்லை என்று சொல்லி, விரிசலின் குறுக்கே உலோகக் கவ்விகள் அடித்து அதையே திருப்பி அனுப்பினார்களாம். அந்தக் கவ்விகள் வெட்டுக்கிளிகள்போல் தோன்றின. கிண்ணத்துக்கு அதுவே பெயராயிற்று. இன்றும் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் அது அந்தப் பெயரோடும் கவ்விகளோடும் இருக்கிறது. நாமோ எம்சீல் வைத்து அடைத்து, அதன்மேல் பெயிண்ட் அடித்து, 'டேமேஜ் இல்லை' என்று விற்கிறோம்.

இலக்கியம் வாசிப்போருக்குக் கவபாத்தாவின் 'ஆயிரம் கொக்குகள்' நாவல் நினைவுக்கு வரலாம். அதில் ஷினோ வகைக் கிண்ணம் ஒன்று உண்டு. இறந்துபோன திருமதி ஓத்தா தினமும் அருந்திய கிண்ணம். அதன் விளிம்பில் அவளுடைய உதட்டுச் சாயத்தின் கறை படிந்திருக்கிறதோ என்று மகளுக்குத் தோன்றும். அந்தக் கறைதான் நாவலின் இதயம் என்றே நாங்கள் கருதுகிறோம். கறை இல்லாவிட்டால் அது வெறும் கிண்ணம். உதட்டுச் சாயத்தைத் துடைத்துப் பளிச்சென்று வைத்துக் கவபாத்தாவுக்கு எழுதக் கொடுத்திருந்தால் அவர் என்ன எழுதியிருப்பார்?

இதற்காகக் கவபாத்தா வரை போயிருக்கவும் வேண்டியதில்லை. கடை இருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஊரின் கதையே பயன்பட்ட பொருளின் கதைதான். பெருமாளுக்கென்று தொடுத்த மாலையைக் கோதை தான் சூடிக் கிணற்று நீரில் அழகு பார்க்கிறாள். அதில் ஒரு தலைமயிர் இருந்ததைக் கண்டு பெரியாழ்வார் பதறிப் புதுமாலை தொடுத்துச் சாத்துகிறார். பெருமாளோ கனவில் வந்து அந்தச் சூடிய மாலையைத்தான் கேட்கிறார். இன்றும் சித்திரைத் திருவிழாவில் மதுரையில் அழகர் அணிவது ஆண்டாள் சூடிக் களைந்த மாலை. புரட்டாசியில் திருப்பதிக்கும் போகிறது. இக்கதையைத் தெலுங்கில் காவியமாக்கிய கிருஷ்ணதேவராயர் நூலுக்குச் சூட்டிய 'ஆமுக்தமால்யதா' என்ற பெயரே சூடிக் கொடுத்தவள் என்ற பொருளுடையது. அதைத் தமிழாக்கிச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற மு. கு. ஜகந்நாத ராஜாவோ எங்கள் ராஜபாளையத்துக்காரர். பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்கள், பல நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு நூல்கள், இரண்டிலும் ஒரே மாலை, ஒரே தலைமயிர். அந்த மண்ணில் நின்றுகொண்டு நாங்கள் "பெயிண்ட்டை அப்பி வச்சிருக்காங்களே" என்றோம்.

நிற்க. ஊரில் நடப்பதைச் சொல்லிவிடுகிறோம்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பழைய வீடுகள் இடிபடுவதும் பங்கு பிரிவதும் ஆண்டுதோறும் நடக்கிறது. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். கட்டில், ஊஞ்சல், நிலைக்கதவு எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசி வண்டியில் ஏற்றுவார்கள். பரணிலிருந்து இறங்கும் ஜாடி அந்த மொத்தத்தில் ஒரு சில்லறை. நல்ல மரமும் நல்ல பீங்கானும் காரைக்குடிக்குப் போய்விடும். அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். செட்டிநாட்டு வளவுகளிலிருந்து வந்த ஸ்வீடன் எனாமல் தூக்குச்சட்டி, பர்மா அரக்குப் பெட்டி, ஜப்பானியப் பீங்கான் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கின்றன. இவற்றில் எது எந்த வீட்டினது என்று இனி யாரும் பிரித்தறிய முடியாது. அந்தத் தெருவில் நடக்கும்போது எங்களுக்கு முதலில் பேராசை வரும். அரைமணி நேரம் கழித்து ஒரு கனம் வந்து மனதில் உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் அனுபவத்தில், விற்கும் வீட்டு ஆண்களுக்கு விலை தெரியும், பெண்களுக்குத்தான் வரலாறு தெரியும். ராஜபாளையத்து வீடொன்றில் ஒற்றை ஜாடி ஒன்றுக்கு மகனோடு பேரம் முடித்தபின், உள்ளிருந்து அவருடைய தாயார் வந்து, "அது என் மாமியாரோட அண்ணன் கல்யாணத்துக்கு வந்தது. ஜோடியா இருந்துச்சு. ஒண்ணு நான் ஒடச்சேன். மூணு நாள் யாரும் என்கூடப் பேசல" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். ஒரு புது மருமகள் அந்த வீட்டில் கழித்த மூன்று நாள் அந்த ஒற்றை ஜாடியில் இருக்கிறது. ஐந்து நிமிடம் முன்னதாக நாங்கள் கிளம்பியிருந்தால் அது இல்லை.

இன்னொன்று. மொய் நோட்டு. எந்தக் கல்யாணத்துக்கு யார் என்ன செய்தார் என்று வரி வரியாக எழுதி வைத்த நோட்டுகள் பழைய வீடுகளில் துணி சுற்றி வைக்கப்பட்டிருக்கும். ஜப்பானில் மரப்பெட்டி மூடி செய்கிற வேலையை இங்கே செய்வது மொய் நோட்டுதான். ஜாடி மூவாயிரத்துக்குப் போகும் அதே நாளில், அந்த ஜாடி யார் கொடுத்தது என்று எழுதியிருக்கும் நோட்டு பழைய பேப்பரோடு எடைக்குப் போகிறது. இரண்டையும் ஒரே தராசுக்காரர்தான் வாங்கிப் போகிறார் என்பது வேடிக்கை.

எங்கள் கட்சிக்கு எதிர்க்கட்சி உண்டு. சேகரிப்பில் எங்களைவிட மூத்த நண்பர் ஒருவர் கடுமையாகவே மறுத்தார். கலைப்பொருளைக் கலைப்பொருளாகப் பாருங்கள், மஞ்சள் பையில் குடும்பக் கதையைச் சுமந்துகொண்டு வராதீர்கள் என்றார். இதற்கு எங்களிடம் பதில் இருந்தது. நம் பக்கத்துக்கு வந்த ஜாடிகளில் உயர்ந்த கலைப்பொருள் நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. ஒசாகா நகரின் யாபு மெய்ஸான் வரைந்த ஜாடி ராஜபாளையத்துப் பரணில் காத்திருக்கிறது என்று நம்புவோர் நம்பட்டும். மற்றவை உலகெங்கும் ஆயிரக்கணக்கில் கிடைக்கும் சரக்கு. ஆயிரத்தில் ஒன்றான அந்த ஜாடியைத் தனித்த ஒன்றாக ஆக்குவது அது இங்கே வாழ்ந்த வாழ்க்கைதான்.

அவருடைய இரண்டாவது மறுப்புக்கு எங்களால் எளிதில் பதில் சொல்ல முடியவில்லை. "நொடித்துப்போன குடும்பம் இரவோடு இரவாக விற்கிறது. அவர்கள் பெயரை ஏன் சுமந்து திரிய வேண்டும்? பெயரை அழித்துக் கொடுக்கச் சொல்வதே அந்த வீட்டார்தான், தெரியுமா?" என்றார். உண்மை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டில், "எங்க பேரை மட்டும் எங்கயும் சொல்லிடாதீங்க தம்பி" என்று ஒரு பெரியவர் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வறுமையில் விற்கவில்லை, வீட்டைப் பராமரிக்க ஆளின்றி விற்றார். ஆயினும் விற்பது அவருக்குத் தலைகுனிவாக இருந்தது. அந்த ஜாடிக்கான எங்கள் குறிப்பில் வீட்டுப் பெயர் இல்லை. பரணில் எத்தனை ஆண்டு இருந்தது, அதில் என்ன போட்டு வைத்திருந்தார்கள் (பழைய சாவிகள்) என்பது மட்டும் இருக்கிறது. கேட்டு எழுத வேண்டும், மறுத்தால் விட்டுவிட வேண்டும் என்ற அளவுக்கு நாங்கள் இறங்கி வந்தோம். ஆனால் விற்றவர் கேட்காதபோதும் கடைக்காரர் அழிக்கிறாரே, வாங்குகிறவர் அழிக்கச் சொல்கிறாரே, அதற்கு நண்பரிடமும் நியாயம் இல்லை.

ஆகவே நாங்கள் இப்போது செய்வது இதுதான். கடையில் பொருளைப் பார்த்ததும் முதல் படம் அடிப்பக்கத்துக்கு, முழுதாக. பெயிண்ட் எழுத்து, காகித ஒட்டு, ஏலக்காரர் எண், சுண்ணாம்புக் கறை எதையும் குறையென்று சொல்லிப் பேரம் பேசுவதில்லை. (பேரம் பேச வேறு குறைகளா இல்லை? விரல் முட்டியால் தட்டினால் மணி ஒலிக்கு மாறாக மந்தமாக ஒலித்தால் விரிசல் உண்டு. மின்விளக்கு மாட்டுவதற்காக அடியில் துளையிட்டிருப்பார்கள். பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் படம் வரைந்ததில்லை, அச்சு ஒட்டியது.) கடைக்காரரிடம் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கிறோம். பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள், தொழில் ரகசியம். சொல்வதை ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் தேதியோடு எழுதி ஜாடிக்குள்ளேயே போடுகிறோம். பேனா மை ஈரத்தில் பரவிவிடும், பென்சில் நிற்கும்.

சுத்தம் செய்யும் ஆர்வத்தையும் அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. புளி, சாம்பல், பிளீச்சிங் பவுடர், தேய்க்கும் நார் எதுவும் கூடாது. பொன்வண்ணமும் மேல்வண்ணமும் மெருகுப்பூச்சுக்கு மேலே குறைந்த சூட்டில் இரண்டாம் முறை சுட்டு ஏற்றியவை. தேய்த்தால் போயே போய்விடும், திரும்ப வராது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். நுண்விரிசல்களில் ஏறிய பழுப்பு நிறம் நீங்காவிட்டால் நீங்காமலே இருக்கட்டும். வைப்பதற்கும் பளீரென்ற விளக்கு வேண்டியதில்லை. தனிஸாகி 1933-இல் நிழலைப் பற்றி எழுதிய கட்டுரையில், பொன் தீட்டிய அரக்குப் பாத்திரம் இருளில் பார்ப்பதற்கென்று செய்யப்பட்டது என்கிறார். சன்னல் சிறுத்த நம் பழைய பட்டாசாலைகளில் அந்தப் பொன்வண்ணம் மங்கலாக மின்னியதைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது புதிதாக இராது.

ஒரு செய்தி கூடுதலாக. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறாண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. 1920-களில் வந்த ஜாடிகள் இப்போது ஒவ்வொன்றாக அந்த வயதை எட்டுகின்றன. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பெட்டியில் வைத்து அனுப்ப நினைப்போர் முன்கூட்டியே இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வயதை நிறுவ அங்கேயும் யாராவது எழுதி வைத்த ஒரு தேதி உதவும்.

அந்த ஜோடி ஜாடிகள் இப்போது ராஜபாளையத்தில் எங்களில் ஒருவர் வீட்டில், புத்தக அலமாரியின் மேல் இருக்கின்றன. உள்ளே துண்டுக் காகிதம் கிடக்கிறது. அதில் வாங்கிய தேதி, ஸ்ரீவில்லிபுத்தூர், 'அடியில் சிவப்பு பெயிண்டில் ரா- (ல? வ?), எங்கள் பேச்சினால் அழிந்தது' என்று எழுதியிருக்கிறோம். கடைக்காரர் நல்ல மனிதர். எந்த வீடு என்று அவரிடம் கேட்டோம். ரத வீதிப் பக்கம், ஒரு வயதான அம்மா தனியாக இருந்த வீடு, இப்போது பூட்டிக் கிடக்கிறது என்றார். இரண்டு முறை போய்ப் பார்த்தோம். பக்கத்து வீட்டில் விசாரித்தபோது, அந்த அம்மா மதுரையில் மகளோடு இருக்கிறார், பங்குனியில் வருவார் என்றார்கள். பெயர் என்னவென்று கேட்டோம். "ராஜலக்ஷ்மி அம்மா" என்றார் ஒருவர். உள்ளிருந்து இன்னொருவர், "இல்லைடா, அது தங்கச்சி பேரு" என்றார். பங்குனியில் மறுபடி போகவிருக்கிறோம்.